ரஃபீக் பார்த்தது

"இதுல காக்கா இருக்கு" என்று சொல்லி அமீனா பீவி அந்தப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினாள்.

ஃபர்ஹானா அதை வாங்கிக் கையிலிருந்த அடுக்கின் மேல் வைத்துக்கொண்டாள். அடுக்கு மோவாய் வரை வந்துவிட்டது. கட்டிலில் அவளைப் பெற்ற அத்தா வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தார். தலைமாட்டில் ஊதுபத்தி புகைந்தது. பின்கட்டில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிவாசலிலிருந்து குளிப்பாட்டும் பலகை வருவதற்குள் இந்த அறையில் உருவப் படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று மாமி சொல்லிவிட்டாள். படம் இருக்கும் இடத்துக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள்.

அமீனா பீவி அத்தாவின் அக்கா. புருஷன் போனதிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள்; ஃபர்ஹானாவின் அம்மா அதற்கும் முன்பே இறந்துவிட்டாள். தம்பியின் முகத்தை மூடி, அழுது முடித்து, முகம் கழுவி வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அலமாரி நிறைய கேட்டலாக்குகள். சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தின் தற்காலக் கலைக்கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஒரு கேட்டலாக் போடுவார்கள். அதைத் தொகுத்து அச்சுக்கு அனுப்புவது ஃபர்ஹானாவின் வேலை. அச்சகத்திலிருந்து கட்டு வந்ததும் முதல் பிரதி அத்தாவுக்கு வந்துவிடும்.

மொத்தமாக எடுத்துவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மாமி ஒப்பவில்லை. ஆசை ஆசையாகப் பார்த்தவன், உருவம் இல்லாததாவது பக்கத்தில் இருக்கட்டும் என்றாள். அதனால் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியதாயிற்று. ஆள், மாடு, படகில் நிற்கும் பையன் எல்லாம் சுலபம். ஒரு பக்கத்தில் மாமியின் விரல் நின்றது. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், நடுவில் சிவப்பாக ஏதோ. புத்தகத்தைக் குறுக்காகத் திருப்பினாள். பிறகு தலைகீழாக.

"இது உருவமா?"

"தெரியல மாமி."

"நீதான போட்ட இந்தப் பொஸ்தகத்த?"

"ஆமா."

"வரஞ்சவருக்காவது தெரியுமா?"

"அவரு தலைப்பே வைக்கல மாமி."

மாமி அதை உருவமில்லாத பக்கம் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்து வெளியே போகும் அடுக்கில் போட்டாள்.

காலையில் ஃபர்ஹானா கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இருந்தாள். ஆலப்பாக்கம் வரும்போது தம்பி ரஃபீக் போன் செய்தான். "அக்கா, எறங்கிரு" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் இறங்கி ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றாள். கடலூர் பஸ் வர நேரமாயிற்று. மீன் கூடையோடு நின்ற ஒருத்தி, எல்லாரும் வேலைக்குப் போகிற நேரத்தில் நீ திரும்பிப் போகிறாயே, எதையாவது மறந்துவிட்டாயா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஃபர்ஹானா.

வீட்டுக்கு வந்ததும் எப்படிப் போனார் என்று தம்பியிடம் கேட்டாள்.

"தூங்கற மாரி."

ஏதாவது பேசினாரா? இல்லை. கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? அவன் யோசித்தான். "பாக்கல" என்றான்.

ரஃபீக் அப்படித்தான். மஞ்சக்குப்பத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன் மூன்று வருடம் மலேசியாவில் இருந்தான். திரும்பி வந்தவனிடம் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று மாமி கேட்டதற்கு "வேர்வ ஜாஸ்தி" என்றான். மலேசியாவைப் பற்றி இந்த வீட்டில் யாருக்கும் அதற்கு மேல் தெரியாது.

உயிர் போனதை ஃபர்ஹானா பார்க்கவில்லை. இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. அதையும் அவள் பார்க்கப்போவதில்லை.

அடுக்கை நடையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியபோது சுவர் கண்ணில் பட்டது. சுவர் முழுக்கச் சாக்பீஸ் கட்டங்கள். மாமியும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி நனைத்துத் துடைக்கட்டுமா என்று ஃபர்ஹானா கேட்டாள்.

"வெறும் கோடுதான" என்றாள் மாமி. "இருந்துட்டுப் போவுது."

அத்தா, முஹம்மது இஸ்மாயில், துபாயில் பதினெட்டு வருடம் மீன் குளிரறையில் வேலை பார்த்தவர். அங்கே ஜன்னல் கிடையாது. ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கட்டில்தான். ஃபர்ஹானாவுக்குக் கலைக்கூடத்தில் வேலை கிடைத்தது அதன் பின்னால். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சான தன் பெயரைக் காட்டத்தான் முதல் கேட்டலாக்கை அவரிடம் கொடுத்தாள். அவர் பெயரைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஓவியத்தின் கீழும் அதன் உயரமும் அகலமும் போட்டிருந்ததைப் பார்த்தார். ரஃபீக்கைக் கூப்பிட்டு, டேப் பிடித்து அதே அளவில் சுவரில் கோடு போடச் சொன்னார். புத்தகத்தில் எல்லாம் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, நிஜத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா என்றார்.

அன்றிலிருந்து புதுக் கேட்டலாக் வரும்போதெல்லாம் சுவரைத் துடைத்துப் புதுக் கட்டங்கள் போடுவது வழக்கமாயிற்று. எது எங்கே இருக்க வேண்டும் என்று அத்தா வலது கையால் காட்டுவார். பகல் முழுக்கப் புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கட்டங்களைப் பார்த்துக் கிடப்பார். சாயங்காலம் அவள் சிதம்பரத்திலிருந்து வந்ததும் கண்காட்சிக்குப் போய்வந்த கதையைச் சொல்வார்.

முதலில் அவள் விளையாட்டு என்று நினைத்தாள். விளையாட்டில் அவ்வளவு விவரம் இருக்காது. மூன்றாவது ஓவியத்துக்கு மேலே விளக்கு மினுக்குகிறது, யாரிடமாவது சொல் என்பார். படி ஏறி வந்தவர்களில் ஒருத்தர் மட்டும் ஓவியங்களைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், என்ன கவலையோ என்பார். ஒரு தடவை அவள் கலைக்கூடத்தின் உள்ளே போனில் போட்டோக்கள் எடுத்துவந்து காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதெல்லாம் வேணாம்மா. நான் போயிப் பாத்துக்கறேன்" என்றார்.

கேட்டலாக் கண்காட்சிக்கு முன்பே அச்சாகிவிடும். திறப்பு விழா அன்று மேஜையில் இருக்க வேண்டும் என்பதால் ஓவியர்களின் வீட்டுக்கே போய் ஓவியங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நவம்பரிலும் அப்படித்தான் நடந்தது. கடற்கரை, உப்பளம், அலையாத்திக் காடு இவற்றை வரைந்தவர்களின் கண்காட்சி. கேட்டலாக் வந்துவிட்டது. பின்னாலேயே மழையும் வந்தது. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறி, ஓவியங்களை ஏற்றிய வண்டி சேத்தியாத்தோப்பிலேயே நின்றுவிட்டது. கலைக்கூடத்தின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கண்காட்சி நடக்கவே இல்லை. பிறகு தேதி யாரும் குறிக்கவும் இல்லை.

ஃபர்ஹானா வழக்கம்போல ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நடக்காததை அவள் சொல்லவில்லை. ரஃபீக் கட்டங்கள் போட்டான். உப்பள ஓவியம் மிகப் பெரியது. சுவரில் இடம் போதாமல் கோடு கதவின் மேலும் ஏறிற்று. யாராவது உள்ளே வந்தால் உப்பளம் பாதியாகத் திறந்து மூடிக்கொள்ளும். அத்தாவுக்கு அது பிடித்திருந்தது. கஞ்சி கொண்டு வரும் மாமியைப் பார்த்து, உப்பு மேலேயே நடந்து வருகிறாயே, கால் எரியவில்லையா என்பார்.

அந்தக் கண்காட்சிக்கு அவர் பல நாள் போனார். தரை ஈரமாக இருந்தது என்றார். ஒரு பெண் குடையோடு வந்திருந்தாள், குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஓவியத்துக்குக் கீழே குளமாக நின்றது, அதில் காக்கை தெரிந்தது என்றார். காக்கை மட்டும் தினம் இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார். ஃபர்ஹானா கேட்டுக்கொண்டாள். ரஃபீக்தான் ஒருநாள் பொறுக்காமல் சொன்னான்.

"அத்தா, அந்தக் கண்காட்சி நடக்கவே இல்ல. மழையில கேன்சல் பண்ணிட்டாங்க."

அத்தா கட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான் கூட்டமே இல்ல" என்றார்.

பலகை வந்துவிட்டது என்று வாசலில் குரல் கேட்டது. ஆண்கள் உள்ளே வந்தார்கள். பெண்கள் எழுந்து முன் அறைக்குப் போனார்கள். ரஃபீக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியோடு போனான். ஃபர்ஹானா நடையில் அவனை நிறுத்தினாள். கபர்ஸ்தானுக்கு நானும் வருகிறேன், உள்ளே வரவில்லை, கேட் வரைக்கும்தான் என்றாள்.

"அங்க பெரியவங்கல்லாம் இருப்பாங்கக்கா."

"ஓரமா நிக்கறேன்."

அவன் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். போய்விட்டான்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஃபர்ஹானா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒங்க மாமாவ அடக்குன எடத்த நான் பாத்ததில்ல" என்றாள். "ஒங்க அத்தாதான் போயிட்டு வந்து சொன்னான். தெக்கால ஒரு முருங்க மரம், அதுக்கு நேரா, அப்படின்னான். நல்லா சொன்னான். பூ கொட்டிக் கெடந்ததக்கூட சொன்னான். ரொம்ப நாள் கழிச்சி ஒருத்தி வந்து, அந்த மரத்த வெட்டிட்டாங்க, தெரியாதான்னா."

"வெட்டிட்டாங்களா?"

"அவ சொன்னா. நான் பாக்கலயே. எனக்கு மரம் அங்கதான் நிக்கிது."

பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பேச்சே இல்லாமல் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மாமி கையை விடவில்லை.

மதியத்துக்கு மேல் சிதம்பரத்திலிருந்து அருள்முருகன் வந்தான். கேட்டலாக்குக்குப் போட்டோ எடுப்பவன். அத்தா அவனைப் பார்த்ததே கிடையாது. ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் அவன் போட்டோவில் நிழல் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, அருள்முருகனிடம் சொல் என்று அனுப்புவார். அருள்முருகனும் பதில் அனுப்புவான். இரண்டு பேருக்கும் வருடக் கணக்கில் சண்டை. இன்று அவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். ரஃபீக் அவனை உள்ளே கூட்டிப்போனான்.

திரும்பி வந்தவன் அவளிடம் மெதுவாகப் பேசினான்.

"மேடம், உள்ள செவுத்துல நம்ம நவம்பர் ஷோ இருக்கு."

"ஆமா."

"அந்தப் பெரிய படம் எங்கன்னு தேடினேன். கதவுல இருக்கு."

அவள் தலையாட்டினாள். அவன் கொஞ்சம் தயங்கினான். தானும் அடக்கத்துக்குப் போவதாகச் சொன்னான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, யார் கண்ணிலும் படாமல், அந்த இடத்தை மட்டும் போனில் ஒரு போட்டோ எடுத்துவரட்டுமா என்று கேட்டான். முகம் எதுவும் வராது, மண்ணும் மரமும் மட்டும்தான் என்றான்.

ஃபர்ஹானா அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள். சரி என்ற சொல் வாய் வரை வந்தது. இரவு எல்லாரும் போன பிறகு ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கலாம். இரண்டு விரலால் பெரிதாக்கலாம். அத்தா அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"வேணாம் அருள்" என்றாள்.

"யாருக்கும் தெரியாது மேடம்."

"அதுக்கில்ல."



கடைசியாக முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணியில் முகம் மட்டும் தெரிந்தது. தாடியை யாரோ சீவிவிட்டிருந்தார்கள். கற்பூர வாசனை. இடது பக்கம் கோணிக்கொண்டிருந்த உதடு இப்போது நேராக இருந்தது. பல வருடமாக அந்தக் கோணலைப் பார்த்துப் பழகியவளுக்கு அது வேறு யாரோ போலிருந்தது. மாமி குனிந்து தம்பியின் காதில் ஏதோ சொன்னாள். பிறகு நகர்ந்து ஃபர்ஹானாவுக்கு இடம் விட்டாள். ஃபர்ஹானா மூடியிருந்த கண்களைப் பார்த்தாள். இது ஒன்றுதான் அவள் தன் கண்ணால் பார்த்தது.

அத்தாவை வைத்த சந்தூக்கை வாசலுக்குக் கொண்டுபோக அறைக் கதவின் இரண்டு பக்கத்தையும் திறக்க வேண்டியிருந்தது. உப்பளம் முழுதாகத் திறந்துகொண்டது. தூக்கியவர்கள் குனிந்து அதன் நடுவே போனார்கள். ஒருத்தர் தோள் உரசி ஓரக் கோடு அழிந்தது. முன் வலது பக்கம் ரஃபீக். நடையைத் தாண்டும்போது ஃபர்ஹானா அவன் பக்கத்தில் வந்தாள்.

"பாத்துட்டு வந்து சொல்லு."

"என்னத்தக்கா?"

"எல்லாத்தயும்."

அவன் தோளில் பாரத்தோடு அவளைத் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்தவர் நட என்றார். கலிமா சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். பெண்கள் வாசற்படியோடு நின்றார்கள். தெரு முனை திரும்பும் வரை வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன. நடுவில் ஒரே ஒரு தலை, கர்ச்சீப் கட்டிக்கொண்டு. அது அருள்முருகன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. ஃபர்ஹானாவின் கணவன் மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வந்து அழுதான். அவள்தான் சமாதானம் சொன்னாள். பிறகு கட்டில் அருகே தரையில் உட்கார்ந்தாள். இப்போது பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். இப்போது வரிசையில் நின்றிருப்பார்கள். இப்போது சந்தூக்கை மறுபடி தோளில் எடுத்திருப்பார்கள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வழியில் ஒரு மதில் வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. கண்ணை மூடிப் பார்த்தாள். வெள்ளை அப்படியே நின்றது. ரஃபீக் வந்து இரண்டு வார்த்தை சொல்வான். அந்த இரண்டு வார்த்தைதான் இனி எப்போதும்.

வெயில் இறங்கிய பிறகு அவன் வந்தான். அருள்முருகன் அப்படியே பஸ் ஏறிவிட்டானாம். ரஃபீக் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான்.

"முடிஞ்சிது" என்றான்.

மாமி தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்தினாள். ஃபர்ஹானா அவனைப் பார்த்தாள். அவன் அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவன் போல உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஆரம்பித்தான்.

"கேட்டு பச்ச பெயின்ட்டு. ஒரு பக்கந்தான் தெறக்குது. உள்ள போனதும் எடது கைப்பக்கம் கொழா. கொழாயில தண்ணி வரல. ரெண்டு ட்ரம்முல ரொப்பி வெச்சிருந்தாங்க. அங்கேர்ந்து மண் ரோடு. ரெண்டு பக்கமும் நாயுருவி. கைலியில ஒட்டிக்கிச்சி."

கைலியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினான். விதைகள் ஒட்டியிருந்தன.

"எடம் கடைசி வரிசையில. பக்கத்துல வேப்ப மரம், சின்னது, மாமி ஒசரம்னு வெச்சிக்க. குழி வெட்டுனவங்க ஒருபக்கம் மண்ணு, ஒருபக்கம் மணலுன்னு தனித்தனியா கொட்டியிருந்தாங்க. கீழ மணல்தான். ஈரமா இருந்திச்சி. நான்தான் எறங்கினேன். எறங்கனதும் ஜில்லுன்னு இருந்திச்சிக்கா. மேல பாத்தா எல்லாரோட காலுந்தான் தெரியுது. மூஞ்சி தெரியல. யார் யாருன்னு காலப் பாத்துதான் கண்டுபுடிச்சேன். அருள் சார் கால்ல ஒரு நகம் கருப்பா இருக்கு."

நிறுத்தினான். மூச்சு வாங்கிக்கொண்டான். இவ்வளவு பேசி யாரும் அவனைப் பார்த்ததில்லை. மாமி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"தலைப்பக்கம் நான் வாங்கினேன். மேக்கால பாக்கத் திருப்பி வெச்சோம். அப்ப திடீர்னு சத்தமே இல்லாத மாரி ஆயிடுச்சி. என்னாடான்னா, அதுவரைக்கும் ஒரு சத்தம் இருந்திருக்கு. மதிலுக்கு அந்தாண்ட ரோடு போடறாங்க. ஜேசிபி ஓடிக்கிட்டிருந்திருக்கு. நான் மேல ஏறி வந்து பாக்கறேன், அந்த டிரைவர் எஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் கீழ எறங்கி நிக்கறான். யாரும் அவன்கிட்ட சொல்லல. நாங்க மண்ணு தள்ளி முடிக்கற வரைக்கும் நின்னான்."

"என்ன சட்ட போட்டிருந்தான்?" என்று கேட்டாள் ஃபர்ஹானா.

ரஃபீக் நிமிர்ந்தான். வாய் திறந்து மூடினான். மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தான்.

"நீலம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீலத்துல வெள்ளக் கோடு. கை மடிச்சி விட்டிருந்தான்."

"ம்."

"செருப்பக் கழட்டிட்டு நின்னான்க்கா, ஜல்லி மேல. ஒரு செருப்பு கவுந்து கெடந்திச்சி."

எப்படிக் கிடந்தது என்று அவன் வலது கையைத் தரையில் கவிழ்த்து வைத்துக் காட்டினான். கை கழுவியிருந்தும் நகக்கண்களில் மணல் இருந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.